தொடக்கநிலை விரிதாள் வழிகாட்டி நூல்கள்: தமிழ் ஆய்வாளரின் தேவை நோக்கில் ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

பாடல்கள், கல்வெட்டுகள், களஆய்வு வினாநிரல்கள் முதலியவற்றின் தரவுகளைத் தொகுக்கவும் எண்ணவும் தமிழியல் ஆய்வாளர்கள் இன்று விரிதாள் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். அதனைத் தாமே கற்க விழைவோர், வழிகாட்டி நூலின் பக்க அளவையும் படங்களின் மிகுதியையும் பதிப்பின் புதுமையையும் கொண்டே அதனைத் தேர்ந்தெடுக்கின்றனர். இவ்வளவுகோல்கள் போதுமானவை அல்ல என்பது இக்கட்டுரையின் கருதுகோள். நன்னூலின் பொதுப்பாயிரம் கூறும் நூற்குற்றம், நூலழகு ஆகியவற்றுள் பொருந்துவனவற்றை அடிப்படையாகக் கொண்டு, பரவலாக அறியப்பட்ட நான்கு நூல்களின் அமைப்பு இங்கு மதிப்பிடப்படுகிறது. கலத்தினுள் உண்மையில் இருப்பது யாது, கிடைத்த விடையைச் சரிபார்ப்பது எவ்வாறு என்னும் இரண்டையும் தொடக்கத்திலேயே கற்பிக்கும் நூலே ஆய்வாளருக்கு உரியது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: விரிதாள், வழிகாட்டி நூல், நன்னூல், கலமுகவரி, தரவு, அகநானூறு, சரிபார்ப்பு.

முன்னுரை

ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் இடம்பெறும் அட்டவணைகள் முன்பு அட்டைகளிலும் குறிப்பேடுகளிலும் எழுதிக் கையால் எண்ணப்பட்டன. இன்று அவை பெரும்பாலும் எக்செல், லிப்ரே ஆஃபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் போன்ற விரிதாள் மென்பொருள்களில் உருவாகின்றன. எனினும் மொழி, இலக்கியப் பாடத்திட்டங்களில் இம்மென்பொருளுக்குக் கிடைக்கும் இடம் சிறிது. ஆகவே ஆய்வாளர் நண்பரிடம் கேட்டோ, நூல் ஒன்றை வாங்கியோ தாமாகவே கற்கிறார். அவர் முதலில் கைக்கொள்ளும் நூல் எது என்பது அவருடைய தரவின் நம்பகத்தன்மையைப் பல ஆண்டுகளுக்குத் தீர்மானித்துவிடுகிறது.

விரிதாளில் நேரும் பிழை ஆய்வின் முடிவைத் தாக்கும் என்பதற்குப் பிற துறைகளில் சான்றுகள் உள்ளன. பொருளியல் அறிஞர்களான கார்மென் ரெயின்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகியோர் பொதுக்கடனுக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு குறித்து 2010இல் வெளியிட்ட கட்டுரை பல நாடுகளின் கொள்கை விவாதங்களில் எடுத்தாளப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ண்டன், அக்கட்டுரையின் விரிதாளைப் பெற்றுச் சோதித்தபோது, சராசரி காணும் வாய்பாட்டின் எல்லை இருபது நாடுகளுள் ஐந்தை விட்டுவிட்டிருந்தது தெரியவந்தது. 2013இல் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோருடன் இணைந்து அவர் இதனை வெளியிட்டார். தரவுத் தேர்வு குறித்தும் எடையிடல் குறித்தும் அவர்கள் எழுப்பிய வினாக்கள் இதனினும் பெரியவை. ஆயினும் எளிதில் கண்டுபிடித்திருக்கக் கூடிய பிழை வாய்பாட்டின் எல்லையில் இருந்த பிழையே.

உயிரியல் துறையில் வேறொரு வகைச் சிக்கல் நேர்ந்தது. ‘செப்ட்2’, ‘மார்ச்1’ எனச் சுருக்கப் பெயர் பெற்ற மரபணுக்களை எக்செல் தேதிகளாக மாற்றிவிட்டது. எக்செல் வடிவில் மரபணுப் பட்டியல் இணைக்கப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கில் இத்தகைய பிழை இருப்பதை மார்க் சீமான் குழுவினர் 2016இல் காட்டினர். இறுதியில், 2020 அளவில் மரபணுப் பெயரீட்டுக் குழுவே அப்பெயர்களை மாற்றி அமைத்தது.

இவை இரண்டும் மென்பொருளின் அரிய வசதிகளை அறியாமையால் நேர்ந்தவை அல்ல. அடிப்படையில் நேர்ந்தவை. எனவே அடிப்படையை எந்த நூல் எவ்வாறு கற்பிக்கிறது என்பதை ஆராய்வது தேவையாகிறது.

மதிப்பீட்டு அளவுகோல்

ஒரு நூல் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் கூறும் இலக்கணம் தமிழில் உண்டு. பவணந்தி முனிவரின் நன்னூல், பொதுப்பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்துரைக்கிறது. அவை இலக்கண நூலுக்கு மட்டும் உரியவை அல்ல; கற்பிக்கும் நோக்குடைய எந்நூலுக்கும் பொருந்துவன. இக்கட்டுரைக்கு அவற்றுள் ஐந்து போதும். குற்றங்களுள் குன்றக் கூறல், மற்றொன்று விரித்தல், நின்று பயன் இன்மை ஆகிய மூன்றும், அழகுகளுள் முறையின் வைப்பு, விளங்கு உதாரணத்தது ஆதல் ஆகிய இரண்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

கணினி வழிகாட்டி நூல்களுக்கே உரிய ஆய்வுமரபு ஒன்றும் உண்டு. ஐபிஎம் நிறுவன ஆய்வகத்தில் பணியாற்றிய ஜான் கரோல், 1990இல் வெளிவந்த ‘த நூர்ன்பெர்க் ஃபனல்’ என்னும் நூலில், கற்போர் கையேட்டை முதலிலிருந்து முடிவுவரை படிப்பதில்லை என்பதையும், தமக்குப் பொருளுள்ள வேலையை உடனே செய்து பார்க்கவே விரும்புகின்றனர் என்பதையும் எடுத்துக்காட்டினார். ஆகவே கையேடு சுருக்கமாக இருத்தல், உண்மையான வேலையிலிருந்து தொடங்குதல், பிழையை அடையாளம் காணவும் அதிலிருந்து மீளவும் உதவுதல் ஆகியவற்றை அவர் வலியுறுத்தினார். நன்னூலாரின் முறைவைப்பும் உதாரணமும் கரோலின் கருத்தோடு இயல்பாகவே இணைகின்றன. பிழையிலிருந்து மீளுதல் என்பது மட்டும் கரோலிடமிருந்து பெறும் கூடுதல் அளவுகோல்.

நூல்களின் வகைமை

தொடக்கநிலையினர் கைக்குக் கிடைக்கும் நூல்களை நான்காக வகைப்படுத்தலாம். ஒவ்வொரு வகைக்கும் நன்கறியப்பட்ட நூல் ஒன்று இங்குச் சான்றாகிறது. பதிப்புக்குப் பதிப்பு உள்ளடக்கம் மாறினும் அவற்றின் அமைப்பு பெரிதும் மாறவில்லை.

முதலாவது, படிநிலைப் பயிற்சி நூல். மைக்ரோசாஃப்ட் பிரஸ் வெளியீடாகக் கர்ட்டிஸ் ஃபிரை எழுதிய ‘எக்செல் ஸ்டெப் பை ஸ்டெப்’ இவ்வகையது. எண்ணிட்ட படிகளும் பயிற்சிக் கோப்புகளும் இதன் சிறப்பு. படிகளைப் பின்பற்றினால் காட்டப்பட்ட விளைவு கிடைத்துவிடும். ஆனால் அடுத்த வேலையை மாணவர் தாமே செய்ய முற்படும்போது, எந்தப் படி எதற்காகச் செய்யப்பட்டது என்பது அவருக்கு நினைவில் இருப்பதில்லை. இதன் பதிப்புகள் பலவற்றில் வரும் எடுத்துக்காட்டு, ‘கன்சாலிடேட்டட் மெசஞ்சர்’ என்னும் கற்பனைச் சரக்கு நிறுவனத்தின் கணக்கு.

இரண்டாவது, உரையாடல் நடை நூல். கிரெக் ஹார்வி பல பதிப்புகளாக எழுதிய ‘எக்செல் ஃபார் டம்மீஸ்’ இதற்குச் சான்று. அச்சத்தைப் போக்குவதில் இந்நூல் வெற்றி பெறுகிறது. கலத்தில் இடப்படுவன உரை, மதிப்பு, வாய்பாடு என மூவகைப்படும் என்பதை இது தொடக்கத்திலேயே விளக்குவது பாராட்டத்தக்கது. ஆனால் இதன் நகைச்சுவை ஆங்கிலக் குழந்தைப் பாடல்களைச் சார்ந்தது. ‘மதர் கூஸ்’ பெயரில் அமைந்த நிறுவனத்தின் விற்பனைக் கணக்கு அப்பாடல்களை அறியாத வாசகருக்கு விளங்கு உதாரணம் ஆகாது. அது அவருக்கு இன்னொரு சுமையே.

மூன்றாவது, முழுமைத் தொகுப்பு. ஜான் வாக்கன்பாக் எழுதிய ‘எக்செல் பைபிள்’ வரிசை இவ்வகையில் புகழ்பெற்றது. மென்பொருளின் இயல்புகளையும் அதன் குறைகளையும் மறைக்காமல் கூறுவது இதன் வலிமை. எடுத்துக்காட்டாக, எக்செல் 1900ஆம் ஆண்டுக்கு முற்பட்ட தேதிகளைத் தேதிகளாக ஏற்பதில்லை என்பதை வாக்கன்பாக் சுட்டுவதோடு, அக்குறையைப் போக்கும் துணைநிரல் ஒன்றையும் உருவாக்கி அளித்தார். எனினும் பல நூறு பக்கங்களுக்கு விரியும் இந்நூல் தேடிப் பார்ப்பதற்கு உரியது. முதல் நூலாகக் கொள்வதற்கு அன்று. தொடக்கநிலையினர்க்கு இதில் பெரும்பகுதி மற்றொன்று விரித்தலாகவே அமையும்.

நான்காவது, தன்னார்வலர் கையேடு. லிப்ரே ஆஃபீஸ் ஆவணக் குழுவினர் எழுதி இலவசமாக வழங்கும் ‘கால்க் கைடு’ இதற்குச் சான்று. பொருட்செலவின்றி மென்பொருளையும் நூலையும் ஒருங்கே பெறலாம் என்பது ஆய்வு மாணவர்க்குப் பெரிய வாய்ப்பு. ஆனால் இதில் படவரைவு, பாணிகள், அச்சிடல் ஆகியவை பற்றிய இயல்களுக்குப் பின்னரே வாய்பாடுகள் பற்றிய இயல் அமைந்துள்ளது. கணக்கிடுவதற்கு முன் அணிசெய்வதைக் கற்பிக்கும் இவ்வரிசை முறையின் வைப்பு என்னும் அழகுக்கு மாறானது.

தமிழில் எழுதப்படும் விரிதாள் நூல்கள் பெரும்பாலும் முதல் வகையைச் சார்ந்து, திரைப்படங்களுக்குக் கீழே விளக்கம் தரும் முறையைப் பின்பற்றுகின்றன. பட்டியல்களின் வரிசையே இயல்களின் வரிசையாகிவிடுகிறது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் எக்செல் தன் பழைய பட்டியல் முறையைக் கைவிட்டு ‘ரிப்பன்’ என்னும் பட்டை முறைக்கு மாறியபோது, பட்டியல் வரிசையில் எழுதப்பட்ட நூல்கள் ஒரே நாளில் பழையனவாயின. அவற்றின் நிலை நின்று பயன் இன்மைக்கு நேரான சான்று. அதே காலத்து நூல்களில் வாய்பாட்டையும் முகவரியையும் விளக்கிய பகுதிகள் இன்றும் பயன் தருகின்றன.

கலத்தினுள் இருப்பது யாது?

விரிதாளில் ஒரு கலத்தின் உள்ளடக்கமும் அதன் தோற்றமும் வேறு வேறு. திரையில் தெரிவது தோற்றம். மென்பொருள் கணக்கிடுவது உள்ளடக்கத்தை. இவ்வொரு வேறுபாட்டை அறியாதவர் மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் விடையை நம்ப இயலாது.

கலித்தொகையைக் கொண்டு இதனை விளக்கலாம். பாலைக்கலி 35, குறிஞ்சிக்கலி 29, மருதக்கலி 35, முல்லைக்கலி 17, நெய்தற்கலி 33 என ஐந்து கலங்களில் இட்டுக் கூட்டினால் 149 வரும். கடவுள் வாழ்த்தைச் சேர்த்தே நூல் 150 பாடல்களாகிறது. இவ்வெண்களுள் 17 மட்டும் வேறொரு கோப்பிலிருந்து நகலெடுக்கப்பட்டு, எண்ணாக அன்றி உரையாகக் கலத்தில் அமர்ந்திருப்பின், கூட்டல் செயற்கூறு அதனை ஓசையின்றி விட்டுவிட்டு 132 என்னும் விடையைத் தரும். பிழைச்செய்தி எதுவும் பெரிதாகத் தோன்றாது. நூலின் மொத்தத்தை முன்னரே அறிந்தவர் ஐயுறுவார். அறியாத தரவில், அதாவது தாமே களத்தில் தொகுத்த புதிய தரவில், ஐயுறுவதற்கு வழியே இல்லை.

தமிழ் ஆய்வாளரின் குறிப்பு முறைகளும் இவ்விடத்தில் இடர்ப்படுகின்றன. பாடலெண்ணையும் அடியெண்ணையும் சிறுகோடிட்டு 10-12 என எழுதினால் மென்பொருள் அதனைத் தேதியாகக் கொள்கிறது. காதையெண்ணையும் அடியெண்ணையும் முக்காற்புள்ளியிட்டு 16:53 என எழுதினால் நேரமாகக் கொள்கிறது. பின்னர் அக்கலத்தின் வடிவத்தை உரையாக மாற்றினாலும் பழைய எழுத்து திரும்புவதில்லை. மென்பொருளின் உள்ளெண்ணே வெளிப்படும். தரவை இடுவதற்கு முன்பே அந்நிரலை உரை வடிவமாக அமைத்தல் வேண்டும். மரபணுப் பெயர்களுக்கு நேர்ந்தது இதுவே. அதே இடர் நம் மேற்கோள் குறிப்புகளுக்கும் உண்டு.

19ஆம் நூற்றாண்டை ஆராய்வோர்க்குத் தேதி பற்றிய விளக்கம் இன்றியமையாதது. சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு 1887இல் வந்தது. உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் வெளிவந்தன. ஆண்டை மட்டும் எண்ணாக இட்டால் இடரில்லை. ஆனால் கடிதங்கள், இதழ்கள் முதலியவற்றின் முழுத் தேதியை எக்செல்லில் இட்டால், 1900க்கு முற்பட்டவை உரையாகவும் பிற்பட்டவை எண்ணாகவும் ஒரே நிரலில் கலந்துவிடும். காலவரிசைப்படி அடுக்கினால் பழையவை புதியவற்றுக்குப் பின் செல்லும். கால்க் மென்பொருளுக்கு இக்குறை இல்லை. எதனைப் பயன்படுத்தினும், ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றை மூன்று நிரல்களில் தனித்தனியே இடுவது காப்பான வழி. இதனைக் கூறாது தேதியைப் பலவண்ண வடிவங்களில் காட்டும் முறையை மட்டும் விரிக்கும் நூல் குன்றக் கூறல் என்னும் குற்றமுடையது.

முகவரியும் நகலும்

விரிதாளின் ஆற்றல் முழுவதும் ஒரு வாய்பாட்டை எழுதிப் பல கலங்களுக்கு நகலெடுப்பதில் உள்ளது. நகலெடுக்கும்போது வாய்பாட்டிலுள்ள முகவரிகள் இடத்திற்கேற்ப நகர்கின்றன. நகரும் முகவரியைச் சார்பு முகவரி என்றும், நகராமல் நிறுத்தப்பட்டதை நிலை முகவரி என்றும் குறிக்கலாம். நிறுத்துவதற்கு டாலர் குறி பயன்படுகிறது.

டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் ஆகியோர் 1979இல் ஆப்பிள் II கணினிக்காக வெளியிட்ட விசிகால்க் என்னும் முதற்பெரும் விரிதாள் மென்பொருள் இதனை வேறு வகையில் கையாண்டது. வாய்பாட்டை நகலெடுக்கும்போது அதிலுள்ள ஒவ்வொரு முகவரியையும் காட்டி, இது நகர வேண்டுமா, நிற்க வேண்டுமா என அது பயனரைக் கேட்டது. ஒவ்வொரு முறையும் பயனர் சிந்திக்க வேண்டியிருந்தது. பின்வந்த மென்பொருள்கள் அவ்வினாவைக் கேட்பதில்லை. மென்பொருள் கேட்காத வினாவை நூலாவது கேட்க வேண்டும்.

சான்றாக, கலித்தொகைத் திணைகளின் விழுக்காட்டைக் கணக்கிடுவதாகக் கொள்வோம். திணைக்குரிய எண்கள் பி2 முதல் பி6 வரையிலும், மொத்தம் பி7இலும் உள்ளன. சி2இல் பி2ஐ பி7ஆல் வகுத்து, அவ்வாய்பாட்டைக் கீழே நகலெடுத்தால், அடுத்த வரியில் அது பி3ஐ பி8ஆல் வகுக்கும். பி8 வெறுமையாயின் பிழைச்செய்தி தோன்றும், மாணவர் விழித்துக்கொள்வார். அதற்குக் கீழே வேறோர் அட்டவணையின் எண்கள் இருப்பின் பிழைச்செய்தி தோன்றாது. நம்பத்தக்க தோற்றமுடைய தவறான எண்ணே கிடைக்கும். இவ்விரண்டாம் நிலையைச் செய்துகாட்டி மாணவரை ஒருமுறை தவறச் செய்யும் நூல் நல்ல நூல். டாலர் குறியைக் குறுக்குவழி விசையோடு ஒரு வரியில் அறிமுகம் செய்து கடக்கும் நூல், ஐம்பது செயற்கூறுகளை விளக்கினும், தொடக்கநிலையினர்க்கு உதவாது.

விளங்கு உதாரணம்: அகநானூற்று அட்டவணை

மேற்கண்ட நூல்களின் உதாரணங்கள் வணிகம் சார்ந்தவை. அலுவலகப் பணியாளர்க்கு அவை பொருந்தும். இலக்கிய ஆய்வாளர்க்கு அவருடைய துறையிலேயே சிறந்த பயிற்சி உண்டு என்பதற்கு அகநானூறு சான்றாகிறது.

அகநானூற்றின் நானூறு பாடல்களும் திணை நோக்கில் எண்முறையால் அடுக்கப்பட்டவை. ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை. 2, 8 ஆகிய எண்களில் முடிவன குறிஞ்சி. 4இல் முடிவன முல்லை. 6இல் முடிவன மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். ஆகவே முதல் நிரலில் 1 முதல் 400 வரை இட்டு, பாடலெண்ணைப் பத்தால் வகுத்த மீதியை இரண்டாம் நிரலில் ‘மாட்’ செயற்கூற்றால் கண்டு, அம்மீதிக்குரிய திணையை மூன்றாம் நிரலில் பெறலாம்.

திணையைப் பெற இருவழிகள் உள. ‘இஃப்’ செயற்கூறுகளை ஒன்றனுள் ஒன்றாக அடுக்குவது ஒன்று. மீதி 0 முதல் 9 வரைக்குரிய திணைகளைப் பத்து வரியுள்ள சிறு அட்டவணையாக எழுதி, ‘வி-லுக்அப்’ செயற்கூற்றால் தேடுவது மற்றொன்று. முதல் வழியில் ஆய்வாளரின் அறிவு வாய்பாட்டுக்குள் மறைந்துவிடுகிறது. இரண்டாம் வழியில் அது அட்டவணையில் வெளிப்படையாக நிற்கிறது. நெறியாளர் அதனைப் பார்வையிட்டுத் திருத்த முடியும். அந்த அட்டவணைக்குரிய முகவரி நிலை முகவரியாக இருத்தல் வேண்டும் என்பதையும் மாணவர் இங்கேயே கற்கிறார். களிற்றியானை நிரை 1 முதல் 120, மணிமிடை பவளம் 121 முதல் 300, நித்திலக் கோவை 301 முதல் 400 என்னும் பகுப்பை நான்காம் நிரலில் பெறுவது அடுத்த பயிற்சி.

இறுதியில் ‘கவுண்ட்இஃப்’ செயற்கூற்றால் எண்ணினால் பாலை 200, குறிஞ்சி 80, முல்லை 40, மருதம் 40, நெய்தல் 40 என வருதல் வேண்டும். விடை முன்னரே தெரிந்திருப்பதே இப்பயிற்சியின் பயன். தாம் கையால் தட்டச்சு செய்த திணைப் பெயர்களை இதனோடு ஒப்பிடும்போது மொத்தம் 400க்குக் குறைந்தால், எங்கோ ஒரு சொல்லின் இறுதியில் இடைவெளி சேர்ந்திருக்கிறது, அல்லது எழுத்துப்பிழை நேர்ந்திருக்கிறது என்பது தெரியவரும். இவ்வாறு பழகியவரே விடை தெரியாத தரவிலும் சரிபார்க்கும் வழியைத் தேடுவார்.

தமிழ் எழுத்தும் கலைச்சொல்லும்

ஆங்கில நூல்கள் பேசாத சில செய்திகள் தமிழ்த் தரவுக்கு உண்டு. எழுத்துகளை எண்ணும் ‘லென்’ செயற்கூறு ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்துச் சொல்லுக்கு 5 என விடை தருகிறது. உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் அது தனித்தனியே எண்ணுவதே காரணம். யாப்பு ஆய்வில் இவ்விடையை அப்படியே கொள்ளுதல் தவறாகும். ஒருங்குறியின் குறியெண் வரிசையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் நிற்கின்றன. ஆகவே அவ்வரிசையில் அடுக்கப்பட்ட சொல்லடைவு நெடுங்கணக்கு வரிசையோடு ஒத்துப்போகாது. ஔவையார் பெயரை ஔகாரத்தால் ஓரிடத்திலும், ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்து வேறோரிடத்திலும் தட்டச்சு செய்தால், கண்ணுக்கு ஒருவராகத் தோன்றும் புலவர் கணக்கில் இருவராவார். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த தரவில் உள்ளிருப்பவை உரோமன் எழுத்துகளே. அடுக்குதலும் தேடுதலும் அங்குப் பொருளற்றவை. தமிழ்த் தரவைப் பழைய ‘சிஎஸ்வி’ வடிவில் எக்செல் வழியே சேமித்தால் எழுத்துகள் வினாக்குறிகளாகிவிடும், மீட்க இயலாது. ‘யுடிஎஃப்-8’ வகையைத் தேர்ந்தே சேமித்தல் வேண்டும். தமிழில் எழுதப்படும் வழிகாட்டி நூலுக்கு ஆங்கில நூலினும் மேலான தேவை இருக்குமாயின் அது இப்பகுதியிலேயே இருக்கிறது.

கலைச்சொற்களும் கருதத்தக்கவை. விரிதாள், அட்டவணைச் செயலி எனவும், கலம், நுண்ணறை, சிற்றறை எனவும் ஒரே பொருளுக்குப் பல சொற்கள் வழங்குகின்றன. திரையில் ஆங்கிலச் சொல் நிற்க, நூலில் தமிழ்ச்சொல் மட்டும் நின்றால் கற்பவர் இரண்டையும் இணைக்க இயலாது தடுமாறுவார். ஆங்கிலச் சொற்களை ஒலிபெயர்த்து மட்டும் தரும் நூல் கருத்தை விளக்காது. முதல் வருகையில் இரண்டையும் இணைத்துக் காட்டி, பின்னர் ஒரே சொல்லை மாறாது ஆள்வதே ஏற்ற முறை. இடையில் சொல்லை மாற்றுவது வாசகரை மயங்க வைக்கும்.

மறுப்பும் விளக்கமும்

படவிளக்க நூல்களை இவ்வாறு குறைத்து மதிப்பிடலாமா என்னும் வினா எழலாம். விசைப்பலகைக்கே புதியவர்க்கு எங்கே சொடுக்குவது என்பதே முதல் தடை. அதனைப் படங்கள் நீக்குகின்றன என்பது உண்மை. ஆனால் அத்தடை சில நாள்களில் நீங்கிவிடும். கருத்துத் தெளிவின்மையோ நீங்காமல் தொடரும். விரிதாள் பிழைகளை நெடுங்காலம் ஆராய்ந்த ரேமண்ட் பாங்கோ, பட்டறிவு உடையோரும் பிழை செய்கின்றனர் என்பதையும், தம் விரிதாள் சரியானது என்னும் மிகைநம்பிக்கை பரவலாக உள்ளது என்பதையும் காட்டியுள்ளார். பழக்கம் மட்டும் பிழையைத் தடுக்காது என்பது இதனால் பெறப்படும்.

தரவை எவ்வாறு அமைப்பது என்பதற்கு நூலே வேண்டும் என்பதும் இல்லை. கார்ல் புரோமன், காரா வூ ஆகியோர் 2018இல் ‘த அமெரிக்கன் ஸ்டாட்டிஸ்டீஷியன்’ இதழில் எழுதிய கட்டுரை சில பக்கங்களிலேயே அதனைக் கற்பிக்கிறது. ஒரு கலத்தில் ஒரு செய்தி, எங்கும் ஒரே வகை எழுத்துமுறை, வண்ணத்தைத் தரவாகக் கொள்ளாமை, மூலத்தரவுக் கோப்பில் கணக்கீடு செய்யாமை என்பன அதன் நெறிகள். எந்த வழிகாட்டி நூலைத் தேர்ந்தாலும் இக்கட்டுரையை உடன் படித்தல் நலம்.

தேர்வுக்குரிய வினாக்கள்

நூலகத்திலோ கடையிலோ நூலைக் கையிலெடுக்கும் ஆய்வாளர் பின்வரும் ஐந்தையும் கால்மணி நேரத்தில் நோக்கலாம்.

1. உரை, எண், தேதி, வாய்பாடு என்னும் உள்ளடக்க வேறுபாடு அழகூட்டும் இயலுக்கு முன் விளக்கப்பட்டுள்ளதா?

2. சார்பு முகவரியும் நிலை முகவரியும் உதாரணத்தோடும், தவறினால் நேரும் விளைவோடும் கூறப்பட்டுள்ளனவா?

3. பிழைச்செய்தி தோன்றாத பிழைகளைப் பற்றி நூல் எங்கேனும் பேசுகிறதா?

4. பயிற்சிக்கு விடை தரப்பட்டுள்ளதா? விடையைச் சரிபார்க்கும் வழி காட்டப்பட்டுள்ளதா?

5. நூல் எழுதப்பட்ட பதிப்பும் தம் கணினியிலுள்ள பதிப்பும் பட்டை முறையளவிலேனும் ஒத்துள்ளனவா?

முதல் நான்கிற்கும் ஆம் என்னும் விடை கிடைப்பின், ஐந்தாவதில் சிறு வேறுபாடு இருந்தாலும் அந்நூலைக் கொள்ளலாம். ஐந்தாவதற்கு மட்டும் ஆம் என்னும் நூலைத் தவிர்க்கலாம்.

முடிவுரை

ஆய்வு செய்யப்பட்ட நான்கு நூல்களுள் எதுவும் தமிழ் ஆய்வாளர்க்கு முழுமையாகப் பொருந்தவில்லை. உள்ளடக்க வேறுபாட்டை முதலில் வைக்கும் முறையால் ‘எக்செல் ஃபார் டம்மீஸ்’ முதற்படிப்புக்கு ஏற்றதாகிறது. அதன் உதாரணங்களைக் கடந்து செல்லும் பொறுமை வேண்டும். இலவச மென்பொருளைக் கொள்வோர் ‘கால்க் கைடு’ நூலைத் தேர்ந்து, அறிமுக இயல்களுக்குப் பின் நேரே வாய்பாடுகள் இயலுக்குச் செல்லுதல் நலம். ‘எக்செல் பைபிள்’ துறை நூலகத்தில் தேடுநூலாக இருத்தல் தகும். ‘ஸ்டெப் பை ஸ்டெப்’ நூலை ஆசிரியர் ஒருவரின் துணையோடு படிப்பதே பயனுடையது.

அகநானூற்றையும் கலித்தொகையையும் பயிற்சித் தரவாகக் கொண்டு, தமிழ் எழுத்தின் இயல்பையும் விளக்கி, தமிழ்த்துறைகளே ஒரு சிறு கையேட்டை உருவாக்குவது இனிச் செய்ய வேண்டிய பணி. நூறு பக்கங்களுக்குள் அது அடங்கும். அதுவரை, ஆய்வேட்டின் அட்டவணையைப் படிக்கும் நெறியாளர், மொத்தம் சரியா என்பதோடு அம்மொத்தம் எந்தக் கலங்களிலிருந்து வந்தது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கூற மாணவரை ஆயத்தம் செய்யும் நூலே தேர்ந்தெடுக்கத்தக்க நூல்.